கடைசியாகத் தெரிந்துகொண்டவர்

டொக்டர் என்பதற்காகப் புள்ளி போட்டு விசா தந்த நாடு, வந்திறங்கிய பிறகு இங்கே நீ டொக்டர் இல்லை என்று சொன்னது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஓக்லாந்துக்கு வந்த எங்களில் பலபேருக்கு இதுதான் நடந்தது. ஒரு சோதனை எழுத வேண்டும், அதற்கு முன்னால் இன்னொரு சோதனை, அதற்கும் இடம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டும். யாழ்ப்பாணத்தில் பத்து வருடம் வார்டு பார்த்த நான் மனுகாவில் ஒரு கிடங்கில் பெட்டி அடுக்கினேன். என்ன படித்தவன் என்று அங்கே ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் பாவம் பார்ப்பார்கள். பாவம் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். அந்த நாட்களில் எனக்கு எதற்கெடுத்தாலும் கோபம்தான் வந்தது.

லின்ஃபீல்டில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டிலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு மைதானம். குளிர்காலத்துச் சனிக்கிழமைகளில் அதில் ஏதோ விளையாடுவார்கள். ரக்பி என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன். ஒருநாள், டெய்ரி என்று அங்கே சொல்லும் மூலைக்கடையில் பாலும் பாணும் வாங்கிக்கொண்டு வருகிறேன், ஒருவன் சேற்றில் கிடந்து கத்துகிறான். தோள்மூட்டு விலகியிருப்பது பாதையிலிருந்தே தெரிந்தது. சுற்றி நின்றவர்கள் எல்லோரும் அம்புலன்ஸ் வரும், அம்புலன்ஸ் வரும் என்று கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பாலையும் பாணையும் புல்லில் வைத்துவிட்டுப் போய், அவன் கையைப் பிடித்து மெல்ல வெளிப்பக்கம் திருப்பி, மூட்டை அதன் இடத்தில் ஏற்றிவிட்டேன். அவன் கத்துவதை நிறுத்திவிட்டு என்னை வெறித்துப் பார்த்தான்.

பின்னால் ஒரு பெரிய உருவம் நின்றது. அறுபதை நெருங்கும் வயது, நசுங்கிய காதுகள், ஒரு சுண்டுவிரல் பக்கவாட்டில் வளைந்து கிடந்தது. டொக்டரா என்று கேட்டார். ஊரில் டொக்டர் என்றேன்.

"அதென்ன, படிச்சது ஊரில விட்டிட்டு வாற சாமானே?" என்றார்.

அவர் பேசியது ஆங்கிலம். அவர் சொன்னதெல்லாம் என் நினைவில் எங்கள் தமிழில்தான் கிடக்கிறது, ஆகவே அப்படியே எழுதுகிறேன். அன்றிலிருந்து அவர் என்னை டொக்டர் என்றே கூப்பிட்டார். அந்த நாட்டில் என்னை அப்படிக் கூப்பிட்ட ஒரே மனிதர் அவர்தான். நான் அவரைக் கோச் என்று கூப்பிட்டேன், எல்லோரையும்போல.

அவர்கள் விளையாடியது அவுஸ்திரேலியாக்காரர்களின் காற்பந்து. ரக்பிப் பந்துபோல நீண்ட பந்து, வட்டமான கிரிக்கெட் மைதானம், இரண்டு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள், பக்கத்துக்குப் பதினெட்டுப் பேர். காலால் உதைக்கலாம், கையால் குத்தலாம், ஒருவன் முதுகில் ஒருவன் ஏறிப் பாய்ந்து ஆகாயத்தில் பந்தைப் பிடிக்கலாம். ரக்பி ஒன்றையே கும்பிடும் அந்த ஊரில் இந்த ஆட்டத்தைத் திரும்பிப் பார்க்க ஆள் இல்லை. வேலைக்கென்று வந்த அவுஸ்திரேலியப் பெடியள் கொஞ்சம், ரக்பியில் இடம் கிடைக்காதவர்கள் கொஞ்சம். வேலிக்கு அந்தப் பக்கம் நாய் நடத்திக்கொண்டு போகிறவர்கள்தான் பார்வையாளர்கள்.

அடுத்த சனிக்கிழமை என்னை வரச்சொன்னார். கணுக்காலுக்குப் பட்டி சுற்ற, காயத்துக்கு மருந்து போட, இடைவேளையில் தோடம்பழத்தை நாலாக வெட்டிக் கொடுக்க. மனைவி வாசலில் நின்று பார்த்துவிட்டு, "உந்தத் தோடம்பழம் வெட்டத்தானோ கொப்பர் உங்களை மெடிசின் படிப்பிச்சவர்?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் போனேன். கிழமை முழுக்கப் பெட்டி அடுக்குகிறவனுக்கு, சனிக்கிழமையில் இரண்டு மணித்தியாலம் யாரோ ஒருவனின் முழங்காலைத் தொட்டுப் பார்த்து ஏதாவது சொல்லக் கிடைத்தால், அது சும்மா இல்லை.

கால்களுக்குப் பட்டி சுற்றும் நேரங்களில்தான் அவர் தன் கதையைத் துண்டு துண்டாகச் சொன்னார். விக்டோரியாவில் கோதுமை விளையும் ஒரு சிற்றூரில் பிறந்தவர். பதினெட்டு வயதில் மெல்பேர்னில் ஒரு பெரிய கழகம் அவரை எடுத்தது. பின்காவல் இடம். எதிர்த்தரப்பில் மிக உயரப் பாய்கிறவனுக்கு முன்னால் நிற்பது அவர் வேலை, ஆகவே எல்லோருடைய முழங்காலும் அவர் பிடரியில்தான் வந்து இடிக்கும். ஒரு பெரிய ஆட்டத்தின் பிற்பாதி அவருக்கு நினைவே இல்லை. அன்றைக்குத்தான் உன் வாழ்க்கையிலேயே மிக நன்றாக ஆடினாய் என்று மற்றவர்கள் பிறகு சொன்னார்களாம். அதைச் சொல்லிவிட்டுச் சிரிப்பார். பக்கத்தில் இருக்கும் பெடியளும் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வராது. எத்தனை தரம் இப்படி நினைவு தப்பியது என்று கேட்டேன். எண்ணவில்லை என்றார்.

அவர் சிரிக்காமல் சொன்ன கதைகள் வேறு. கழகத்திலிருந்து அவரை நீக்கிய செய்தியை, ஒரு வெள்ளிக்கிழமை காலை, பெற்றோல் அடிக்கும் இடத்தில் ஒருவன் சொல்லித்தான் அவர் அறிந்தார். முதல்நாளே பேப்பரில் வந்துவிட்டதாம். அதன்பிறகு கோச் ஆனார். ஒரு சிற்றூரில் நான்கு பருவம் நடத்தினார். குழு கூடி வேறு ஆளைப் போட்டது அவர் இறைச்சி வாங்கப் போன கடைக்காரனுக்கு முதலே தெரிந்திருந்தது. அவன் அவருடைய முகத்தைப் பாராமல் இறைச்சியைச் சுற்றிக் கொடுத்ததிலிருந்துதான் விளங்கிக்கொண்டார். டாஸ்மேனியாவில் ஒரு கழகம், அங்கேயும் இதே கதி. கடைசியில், ஓக்லாந்தில் கிளென் ஈடனில் இருந்த மனைவியின் தாய் வருத்தமாகிப் படுக்கையில் விழ, அவரைப் பார்க்க வந்தார்கள். தாய் போனபிறகு லின்ஃபீல்டில் எங்கள் தெருவிலேயே ஒரு வீட்டில் குடியேறினார்கள். பகலில் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்க்கும் வேலை.

முதல் பருவத்தில் நான் ஒன்றையும் கவனிக்கவில்லை. இரண்டாவது பருவத்தில் கவனித்தேன், ஆனால் கவனித்ததை எனக்கே சொல்லிக்கொள்ளவில்லை. ஒரு செவ்வாய்க்கிழமை எங்கள் வீட்டு மீட்டரைப் பார்த்துவிட்டு, மனைவியோடு நாலு வார்த்தை கதைத்துவிட்டுப் போனார். அரைமணித்தியாலத்தில் திரும்ப வந்து மீட்டர் பார்க்க வேண்டும் என்றார். மனைவி பகிடி விடுகிறார் என்று நினைத்துச் சிரித்தாள். அவரும் சிரித்தாராம், கொஞ்சம் பிந்தி.

பிறகு அந்தச் சனிக்கிழமை வந்தது. ஆட்டத்துக்கு முன் உடுப்பு மாற்றும் அறையில் ஒரு கரும்பலகை இருக்கும். அதில் ஓவல் வரைந்து பதினெட்டுப் பெயரும் எழுதுவார், யார் எங்கே நிற்பது என்று. அன்றைக்கு எழுதிவிட்டுச் சோக்கைக் கீழே வைத்தார். பெடியள் பார்த்தார்கள். அதில் ஒரு பெயர்கூட அங்கே இருந்தவர்களுடையது இல்லை. எல்லாம் அவர் கதைகளில் வந்த, அவரோடு மெல்பேர்னில் ஆடியவர்களின் பெயர்கள். முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லோரும் கைதட்டிச் சிரித்தார்கள், கோச் எங்களைச் சீண்டுகிறார் என்று. அவர் பலகையைப் பார்த்தார். அந்த முகத்தை நான் ஊரில் எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். தன் உடம்பில் ஏதோ பிழைத்துவிட்டது என்று ஒரு நோயாளிக்கு உறைக்கிற அந்தக் கணம். அவர் சுதாரித்துக்கொண்டு, "இவங்கள் ஆடின மாதிரி ஆடுங்கோ எண்டு சொல்லத்தான்" என்றார். அன்றைக்கும் தோற்றோம்.

திரும்பும்போது என்னை அவர் காரில் ஏற்றிக்கொண்டார். என் வீட்டு வாசலில் நிறுத்திவிட்டு இறங்க விடவில்லை. மழை பெய்துகொண்டிருந்தது.

"நீர் டொக்டர். எனக்கு என்ன நடக்குது? நேராச் சொல்லும்" என்றார்.

நான் கதவின் பிடியைத் தேடினேன்.

"என்னைப் பற்றின முடிவு எல்லாம் என்னைவிட்டு எல்லாருக்கும் முதல் தெரிஞ்சிருக்கு. என்ர வாழ்க்கை முழுக்க அப்பிடித்தான். இதையெண்டாலும் நான் முதல் தெரிஞ்சுகொள்ள வேணும், டொக்டர். கூடாததெண்டால் பெடியளுக்கு நானே சொல்லிப்போட்டு நானே விலகுவன்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனிதர் கேட்க முடியாது. எனக்கும் பதில் தெரியும். மூளையை மெல்ல மெல்லத் தின்னும் மறதி நோய், தலையில் பட்ட அடிகளால் வந்ததாக இருக்கலாம் என்று சந்தேகம், மாறாது, கூடும். இவ்வளவையும் சொல்ல இரண்டு நிமிடம் போதும். நான் சொன்னது என்ன தெரியுமா? வயசு, நித்திரை குறைவு, விற்றமின் குளிசை போடுங்கள், பார்ப்போம் என்றேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு பெரிய மூச்சு விட்டு, என் தோளில் தட்டினார். நான் சொன்னதை அவர் நம்பினார். டொக்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினார்.

மறுநாள் பின்னேரம் அவர் மைதானத்துக்குப் போன நேரமாகப் பார்த்து அவர் வீட்டுக்குப் போய், அவருடைய மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

இன்றைக்கு இதைப் படிக்கிறவர்களுக்கு இது விசர்த்தனமாகத் தெரியலாம். எங்களுக்கு அது தெரிந்த ஒரே வழி. ஊரில் கூடாத வருத்தம் என்றால் நோயாளிக்குச் சொல்லமாட்டோம். மூத்த மகனையோ மனைவியையோ வார்டுக்கு வெளியே கூப்பிட்டுச் சொல்வோம். அவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், ஒன்றுமில்லையாம், இரண்டு கிழமையில் வீட்டுக்குப் போகலாமாம் என்பார்கள். நோயாளியும் நம்புவதுபோல இருப்பார். என் அப்பாவுக்கு வயிற்றில் புற்று. அவருக்குக் கடைசிவரை அல்சர் என்றுதான் சொன்னோம். சொன்னது நான். அதை அன்பு என்றுதான் நினைத்திருந்தேன். பத்து வருடத்தில் ஒரு நோயாளிக்கும் முகத்துக்கு நேரே நான் உண்மை சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமும் இல்லை, துணிவும் இல்லை.

அவர் மனைவி மெலிந்த, அமைதியான பெண். நான் சொல்லி முடிக்கும்வரை தேத்தண்ணிக் கோப்பையைத் தொடவில்லை.

"அவர் உங்களைக் கேட்டவரோ?" என்றார்.

ஓம் என்றேன்.

"அப்ப ஏன் எனக்குச் சொல்லுறியள்?"

அந்தக் கேள்வி எனக்கு விளங்கவில்லை. உண்மையாகவே விளங்கவில்லை. அவர் மனம் உடைந்துபோவார், மெல்ல மெல்லச் சொல்லலாம், இப்போதைக்கு வேண்டாம் என்று ஏதேதோ சொன்னேன். பாவம் அந்த மனிசி, டொக்டர் சொல்கிறாரே என்று ஓம்பட்டுவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் ஒரு நல்ல காரியம் செய்தவனைப்போலச் சொன்னேன்.

ஒளித்து வைக்கிற காரியம் ஓரிடத்தில் நிற்காது. பெடியள் அவரைப் பகிடி பண்ணிவிடுவார்களோ என்ற பயத்தில் அவர் மனைவி கழகக் குழுவில் ஒருவருக்கு மட்டும் சொன்னார். அந்த ஆள் குழுவுக்கு மட்டும் சொன்னார். குழு தலைமை ஆட்டக்காரனுக்கு மட்டும் சொன்னது. எல்லோரும் நல்லவர்கள். ஒருவரும் கெடுதல் நினைக்கவில்லை. இரண்டு மாதத்துக்குள் மைதான ஓரத்தில் சொசேஜ் சுட்டு விற்கிறவருக்கும் தெரிந்திருந்தது. கோச்சுக்கு மட்டும் தெரியாது.

அடுத்த பருவத்தின் முதல் பயிற்சி நாள். மைதானத்தில் வேறொரு ஆள் விசிலோடு நின்றார். கோச் தன் பழைய பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். பெடியள் ஒவ்வொருவராகக் குனிந்து பூட்ஸ் கயிறு கட்டத் தொடங்கினார்கள், கட்டியிருந்தவர்களும். குழுக்காரர் அவரைத் தோளில் கைபோட்டுத் தனியே கூட்டிப்போய், இத்தனை வருடம் உழைத்துவிட்டீர்கள், இனி ஓய்வெடுங்கள், எப்போது வேண்டுமானாலும் வந்து ஆட்டம் பாருங்கள் என்று சொன்னார். நோயைப் பற்றி ஒரு சொல் இல்லை. அது என் உத்தரவு, எல்லோரும் கவனமாகக் காப்பாற்றினார்கள். ஆகவே அவர் விளங்கிக்கொண்டது ஒன்றைத்தான்: தோற்றுக்கொண்டே இருந்ததால் இந்தக் கழகமும் தன்னைத் துரத்திவிட்டது.

அவர் என்னிடம் வந்தார். நான் பட்டிச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"உமக்கும் சொல்லேல்லைப்போல கிடக்கு, டொக்டர்" என்றார். என் கையை இறுக்கிப் பிடித்துவிட்டுப் போனார்.

எனக்கு ஆறுதல் சொல்லிவிட்டுப் போனார். அந்த இடத்தில் நிலம் பிளந்து என்னை விழுங்கியிருக்கலாம். ஓடிப்போய்ச் சொல்லியிருக்க வேண்டும், கோச், நீங்கள் தோற்கவில்லை, இது ஒரு வருத்தம் என்று. போகவில்லை. சொன்னால் நான்தான் முதலில் பொய் சொன்னவன் என்பதும் தெரிந்துவிடுமே. அவருக்காக மறைத்தேன் என்று அதுவரை சொல்லிக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து எனக்காகவே மறைத்தேன்.

அதன்பிறகு அவர் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நானும் போவதை விட்டேன். மீட்டர் வேலையும் போயிற்று. தெருவில் கண்டால் கையைத் தூக்குவார், நான் நேரமில்லாதவன்போல நடப்பேன். மனைவி என்னைச் சும்மா விடவில்லை. "அந்த மனிசன் தன்னைக் கலைச்சுப்போட்டாங்கள் எண்டு குமைஞ்சு குமைஞ்சு சாகுது. உங்கட வாயில என்ன கொழுக்கட்டையோ? போய்ச் சொல்லுங்கோவன்" என்றாள். சோதனை முடியட்டும் என்றேன். சோதனைக்கு இடம் கிடைக்கவே இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் எனக்கு நல்ல சாட்டாகப் போயிற்று.

சோதனையின் கடைசிப் பகுதியில் ஒரு சின்ன அறை. நோயாளியாக நடிக்க ஒருவரை உட்காரவைத்திருந்தார்கள். அவருக்கு மாறாத வருத்தம், அதை அவருக்குச் சொல்ல வேண்டும், அதுதான் பரீட்சை. கதிரையை அருகே இழுத்துப் போட்டேன். எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று கேட்டேன். கண்ணைப் பார்த்து, சுற்றி வளைக்காமல், மெதுவாகச் சொன்னேன். இடையிடையே பேசாமலிருந்தேன். எல்லாம் புத்தகத்தில் மனப்பாடம் செய்த ஒழுங்கு. மேசைக்கு அப்பாலிருந்த பரிசோதகர் தலையசைத்து ஏதோ எழுதினார். எங்கிருந்தோ வந்து நடிக்கிற ஒரு மனிதனுக்கு அவ்வளவு அழகாக உண்மை சொன்னேன். வெளியே கார் நிறுத்துமிடத்துக்கு வந்ததும் காருக்குள் இருந்து அழுதேன். காரில் காத்திருந்த மனைவி, நான் தோற்றுவிட்டேன் என்று நினைத்துவிட்டாள்.

பாஸ். கடிதம் வந்தபின் ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருந்து, பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி கதவைத் திறந்தார். எதற்கு வந்தேன் என்று சொன்னேன். அவர் கதவைப் பாதியில் பிடித்துக்கொண்டார். "இப்பவோ?" என்று மட்டும் கேட்டார். பிறகு வழிவிட்டுவிட்டு அடுக்களைக்குள் போனார்.

அவர் யன்னலோரத்தில் இருந்தார். மெலிந்துபோயிருந்தார், சட்டைப் பொத்தான் ஒன்று மாறிப் பூட்டியிருந்தது. என்னைக் கண்டதும் டொக்டர் என்றார். எனக்கு உயிர் வந்தது. பிந்தவில்லை என்று நினைத்தேன். கதிரையை அருகே இழுத்துப் போட்டேன். கோச், அன்றைக்குக் காரில் நீங்கள் கேட்டதற்கு நான் பொய் சொன்னேன் என்று தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னேன். வருத்தத்தின் பெயரைச் சொன்னேன். மாறாது என்றும் சொன்னேன். கழகம் உங்களை விலக்கியது தோற்றதற்காக இல்லை, இதற்காகத்தான் என்றும் சொன்னேன். அவர் மனைவிக்கு முதலில் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. அதற்கு வாய் வரவில்லை.

அவர் முழுவதையும் கேட்டார். உண்மையாகவே கேட்டார், கண் தெளிவாக இருந்தது. முகம் ஒருமுறை கோணி, பிறகு நேரானது.

"நல்லது, டொக்டர். இவ்வளவு காலத்தில என்ர முகத்துக்கு நேர சொன்ன ஆள் நீர் ஒராள்தான்" என்றார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் முன்னால் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "மனிசிக்குச் சொல்லிப்போடாதையும். நீர் சொன்னால் பயந்துபோவாள். இதை நான்தான் அவளுக்குச் சொல்ல வேணும்" என்றார். கதிரையின் இரண்டு கையையும் ஊன்றி எழுந்தார். இப்பவே சொல்லிவிடுகிறேன், பிந்தினால் துணிவு வராது என்றார். நிமிர்ந்து, சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, அடுக்களையை நோக்கி நடந்தார். பத்தடிதான் இருக்கும். அவர் மனைவி பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, அவர் பக்கம் திரும்பி நின்றார்.

வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் நின்றார். மனைவியைப் பார்த்தார். வாயைத் திறந்தார், மூடினார். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"டொக்டர், நான் இவவுக்கு என்ன சொல்ல வந்தனான்?"